மூவர் ஓட்டும் ஒரு கார்

(தூத்துக்குடியில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குறைதீர் கற்பித்தல் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் நேராக அங்கே போகாமல் கார் பந்தயம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். மதிய உணவுக்குப் பிறகான அமர்வு இது. சுற்றி வந்தால்தான் எல்லோரும் விழித்திருப்பீர்கள்.

கார் பந்தயம் என்றதும் நம் பிள்ளைகள் அஜித் பெயரைச் சொல்வார்கள். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. மறுநாள் வகுப்பில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். கொஞ்சம் மூத்தவர்கள் கோவை நாராயண் கார்த்திகேயனைச் சொல்வார்கள். சென்னைக்காரரான கருண் சந்தோக் 2012இல் பிரான்ஸ் நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். அந்த ஆண்டு அவர் இருந்த கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. இவர்களெல்லாம் நம்மவர்கள். ஆனாலும் இன்று நான் அதிகம் பேசப்போவது டென்மார்க்கில் பிறந்த ஒரு மென்பொருள்காரரைப் பற்றி. காரணம், அவர் கதையில் நம் வகுப்பறைக்கு வேண்டிய சரக்கு அதிகம்.

பெயர் டேவிட் ஹைனமயர் ஹான்சன். 1979இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். இணையதளச் செயலிகளை விரைவாக எழுத உதவும் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற கட்டமைப்பை உருவாக்கி 2004இல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்த வெளியிட்டார். கிட்ஹப், ஷாப்பிஃபை போன்ற பெரிய தளங்கள் அதன்மேல்தான் எழுந்தன. சிகாகோவில் உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தின் கூட்டாளியும்கூட. இத்தனைக்கும், சிறுவயதில் வீட்டுக் கணினியில் நிரல் எழுத முயன்று, பிடிபடாமல் விட்டவர் அவர். இருபது வயதை ஒட்டித்தான் அந்தக் கலை வசப்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று கேளுங்கள். இருபத்தைந்து வயது வரை அவரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை உங்கள் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்களிடம் அவசியம் சொல்லுங்கள். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தலைக்கவசம் இல்லாமல், மூன்று பேராக பைக்கில் வருகிறவர்களில் சீருடை அணிந்தவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் எவ்வளவு கேட்பார்களோ தெரியாது. இருபத்தைந்தில் உரிமம் வாங்கிய ஒருவர் முப்பத்தைந்து வயதுக்குள் உலகின் மிகக் கடினமான கார் பந்தயத்தில் தன் பிரிவை வென்றார் என்று சொன்னால் கேட்பார்கள்.

வென்ற கதைக்கு வருகிறேன். அதற்கு முன் லெ மான் பந்தயம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

1923இலிருந்து நடக்கும் பந்தயம் அது. ஒரு சுற்று பதின்மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தச் சுற்றின் ஒரு பகுதி பொதுச்சாலை. மற்ற நாட்களில் லாரியும் டிராக்டரும் போகிற சாலை. சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடியும். ஒரே பாதையில் பல பிரிவுக் கார்கள் ஓடும். மிக வேகமான மாதிரிக் கார்களும், கடையில் விற்கும் காரைத் திருத்தி அமைத்த கார்களும் ஒன்றாகவே ஓடுகின்றன. வேகமானவர் முந்திச் செல்ல வேண்டும். மெதுவானவர் தன் தடத்திலிருந்து பதறி விலகாமல் ஓட்ட வேண்டும். ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். எந்த ஆறு மணி நேரத்திலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது. 24 மணி நேரத்தில் மொத்தம் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும் தனியாக வெல்ல முடியாது.

இந்த விதியை நம் கடற்கரை ஏற்கெனவே அறியும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மன்னார் வளைகுடாவின் பார்களில் இரண்டு குளிப்பாளிகளுக்கு ஒரு கல் என்பது வழக்கம். ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு அடித்தரைக்கு இறங்க, மற்றவர் மேலே மிதந்து மூச்சு வாங்குவார். கயிறு பிடிக்க ஓர் ஆள் தோணியில் இருப்பார். கயிற்றின் அசைவைப் பார்த்துத் தூக்குவது அவர் வேலை. உள்ளே இருப்பவருக்கு மூச்சு ஒரு நிமிடம் சொச்சம்தான். மீதியெல்லாம் மேலே இருப்பவர் கையில். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு பேருக்கு ஒரு கல் என்ற ஏற்பாட்டை நம் பாடநூல்களுக்கு வெளியே யாராவது பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா என்பது எனக்குச் சந்தேகம்.

பந்தயத்துக்குத் திரும்புகிறேன். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு ஓட்டுநர்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது: வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம். வெண்கலம் என்றால் பொழுதுபோக்காகப் பந்தயத்துக்கு வந்தவர், வேறு தொழில் உள்ளவர், வயது கூடியவர். பிளாட்டினம் என்றால் அதுவே தொழிலாகக் கொண்ட முதல்தர ஓட்டுநர். ஹான்சன் வென்ற பிரிவில் அப்போது இருந்த விதி இதுதான்: மூவரில் ஒருவர் வெண்கலமாக இருந்தே தீர வேண்டும், இன்னொருவர் வெண்கலமோ வெள்ளியோ, மூன்றாமவர் யாராகவும் இருக்கலாம். அதோடு ஒவ்வொருவரும் குறைந்தபட்ச நேரம் ஓட்டியாக வேண்டும். மெதுவானவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேகமானவரை வைத்துக் கோப்பை வாங்கிவிட முடியாது. விதி விடாது.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அது உங்கள் மனத்தில் ஓடுவது தெரிகிறது. ஓடட்டும். ஆனால் ஒரு வித்தியாசத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெண்கல ஓட்டுநர் விரும்பி வந்தவர், பெரும்பாலும் தன் காசைப் போட்டு வந்தவர். இது பணக்காரர்களின் விளையாட்டு. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அவர் வாழ்நாள் முழுக்க வெண்கலமாகவே இருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. உப்பளத்துக்குப் போகிற தாயின் பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் அரும்பிலேயே இருந்தால் நட்டம் அந்தப் பிள்ளைக்கு.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரு அணியில் தொழில்முறை ஓட்டுநர் 130 சுற்று ஓட்டுகிறார். அவர் ஏற்கெனவே எல்லையில் இருப்பவர். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சுற்றுக்கு 0.2 விநாடி குறைப்பார். மொத்தம் 26 விநாடி. வெண்கல ஓட்டுநர் 100 சுற்று ஓட்டுகிறார். அவர் சுற்றுக்கு மூன்று விநாடி பின்தங்கியவர். சரியான பயிற்சி கொடுத்தால் ஒரு விநாடியைக் குறைத்துவிடலாம். மொத்தம் 100 விநாடி. பயிற்சியாளர் தன் நேரத்தை யாரிடம் செலவிட வேண்டும்? அதனால்தான் இந்தப் பிரிவுகளில் அணிகள் வெண்கல ஓட்டுநரைத் தயார் செய்வதில் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கின்றன. கருணையினால் எடுத்துக்கொள்ளும் சிரத்தை இல்லை, அங்கேதான் நேரம் கிடக்கிறது.

நம் பள்ளிகளில் பொதுத்தேர்வு நெருங்கும்போது என்ன செய்கிறோம்? 95 எடுக்கும் பிள்ளையை 98க்குக் கொண்டுபோக மாலை வகுப்பு. 35ஐத் தொட வேண்டியவருக்கு 'இந்த நான்கு கணக்கை மட்டும் மனப்பாடம் பண்ணு'. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. பலகையில் எழுதுகிற சதவீதம் அப்படிச் செய்யச் சொல்கிறது. ஆனால் கணக்கு என்று பார்த்தால் அது தப்புக் கணக்கு.

சரி, அந்த ஒரு விநாடியை எப்படிக் குறைக்கிறார்கள்? இங்கேதான் ஹான்சனின் பழைய தொழில் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பந்தயக் காரில் உணரிகள் இருக்கும். எந்த இடத்தில் பிரேக்கை மிதித்தார், எவ்வளவு அழுத்தினார், எப்போது விட்டார், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார், எங்கே முழு வேகம் கொடுத்தார் என்பதெல்லாம் கோடுகளாகப் பதிவாகும். ஓட்டி முடித்து வந்ததும் தொழில்முறை ஓட்டுநரின் கோட்டையும் வெண்கல ஓட்டுநரின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். 'நீ மூன்று விநாடி மெதுவு' என்று சொல்லி அனுப்புவதில்லை. 'இந்த வளைவில் பத்து மீட்டர் முன்னதாகவே பிரேக் போடுகிறாய். மற்ற வளைவுகளில் சரியாகத்தான் இருக்கிறது' என்கிறார்கள். அடுத்த முறை அவர் அந்த ஒரு வளைவை மட்டும் கவனிக்கிறார்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான வேலை. நிரல் ஓடவில்லையென்றால் 'இது மக்கு நிரல்' என்று யாரும் சொல்வதில்லை. எந்த வரி என்று தேடுகிறார்கள். 214ஆம் வரி என்று கண்டால் அந்த வரியைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். தவறு அவர்களுக்கு ஒரு முகவரி.

நம் விடைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 100க்கு 38. இந்த 38 எந்த வளைவைச் சொல்கிறது? ஏழாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் என்று நாம் ஒதுக்கும் பத்துப் பேரை அழைத்து ஒவ்வொருவரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒருவருக்கு மீச்சிறு பொது மடங்கு தெரியவில்லை. ஒருவருக்கு அது தெரியும், எட்டாம் வாய்ப்பாட்டில்தான் தடுக்கி விழுகிறார். இன்னொருவர் பகுதியைச் சரியாகக் கண்டுவிட்டுத் தொகுதியை மாற்ற மறக்கிறார். மூன்று பேருக்கும் மதிப்பெண் பூச்சியம்தான். மூன்று பேருக்கும் 'பின்னங்கள்' பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் மூன்று பேருமே தூங்கிவிடுவார்கள். வாய்ப்பாடு தடுக்கியவருக்கு ஒரு வாரம் போதும்.

இதற்கு உணரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். பிள்ளை போடும் ஒரு கணக்கை முழுதாக, குறுக்கே பேசாமல், பக்கத்தில் நின்று பார்க்கும் பொறுமை வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது ஒரே நாளில் நடக்காது. நாளைக்கு இருவர் என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. சில ஓட்டுநர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டித் தங்கள் வெண்கலத் தரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று பந்தய உலகில் ஒரு நிரந்தரப் புகார் உண்டு. வேகமான வெண்கலத்துக்கு மவுசு அதிகம் அல்லவா! நம் வகுப்பிலும் இந்த ஆட்கள் உண்டு. பதில் தெரிந்தும் கை தூக்காத பிள்ளை. தெரியும் என்று காட்டிக்கொண்டால் பலகைக்கு அழைப்பார், நோட்டுத் திருத்தச் சொல்வார், மானிட்டர் ஆக்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். அரும்பில் இருக்கிற எல்லோரும் அரும்பு என்று நம்பிவிடாதீர்கள்.

ஹான்சன் 2012இல் முதல்முறையாக லெ மானில் ஓட்டினார். 2013இல் அவர் இருந்த கார் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. அதே பந்தயத்தில், தொடங்கி மூன்றாவது சுற்றில், டெர்ட்ர் ரூஜ் என்ற வளைவில் 95ஆம் எண் ஆஸ்டன் மார்ட்டின் கார் தடுப்பில் மோதியது. அதை ஓட்டிய ஆலன் சிமன்சன் இறந்துபோனார். டென்மார்க்காரர், வயது 34. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டபடி அந்த நிறுவனத்தின் மற்றக் கார்கள் பந்தயத்தைத் தொடர்ந்தன. அன்று சிமன்சனின் காரில் அடுத்து ஏறக் காத்திருந்த இருவரில் ஒருவர் கிறிஸ்டியன் பூல்சன்.

அடுத்த ஆண்டு, 2014 ஜூனில், அதே 95 என்ற எண்ணோடு ஆஸ்டன் மார்ட்டின் மறுபடி வந்தது. ஓட்டியவர்கள் மூவரும் டென்மார்க்காரர்கள்: பூல்சன், நிக்கி டீம், ஹான்சன். 24 மணி நேரத்தில் 334 சுற்று. 4,500 கிலோமீட்டருக்கும் அதிகம். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44இன் நீளம் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் முடித்துவிட்டு இன்னும் 800 கிலோமீட்டர் போனது மாதிரி. நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரி எவ்வளவு என்று எட்டாம் வகுப்பில் கேளுங்கள். 190க்கு அருகில் வரும். பிரிவில் முதலிடம் அந்தக் காருக்கு. அந்த ஆண்டின் உலகத் தாங்குதிறன் போட்டித் தொடரிலும் ஹான்சனும் பூல்சனும் தங்கள் பிரிவின் ஓட்டுநர் பட்டத்தைப் பெற்றார்கள்.

சிமன்சன் இறந்ததைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆறு முனை இருக்கைப் பட்டை, தீப்பிடிக்காத உடை, கழுத்தைக் காக்கும் கருவி, வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள், மருத்துவர், இத்தனையும் இருந்த இடத்தில் அது நடந்தது.

எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்த காட்சி கோப்பை வாங்குவது இல்லை. ஓட்டுநர் மாறும் நிமிடம். நிமிடம் என்றுகூடச் சொல்ல முடியாது; அதிலும் குறைவு. கார் வந்து நிற்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிய ஆள், வியர்வையில் நனைந்தவர், இறங்குகிறார். இறங்கி நாற்காலி தேடிப் போகவில்லை. உள்ளே ஏறுகிறவருக்குக் குனிந்து இருக்கைப் பட்டையை மாட்டி இறுக்குகிறார். வானொலிக் கம்பியை இணைக்கிறார், தண்ணீர்க் குழாயைச் செருகுகிறார். அணியிடம் நிலவரத்தைச் சொல்கிறார்: பிரேக் கொஞ்சம் இழுக்கிறது, அந்த வளைவில் எண்ணெய் கிடக்கிறது, பின் டயர் தேய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அப்பாக்களைக் கேளுங்கள், ஷிப்ட் மாறும்போது எதைச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள் என்று. அவர்களும் சொல்லாமல் இறங்குவதில்லை.

இந்த அறையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே தெருவில், வேலை செய்கிறோம். ஐந்து ஆண்டு ஒரு பிள்ளையைப் பார்த்த ஆசிரியரிடமிருந்து ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு என்ன போகிறது? மாற்றுச் சான்றிதழ். எமிஸ் எண். உயரம், எடை, இரத்த வகை. அந்தப் பிள்ளைக்கு வலது காது சரியாகக் கேட்காது, முன்வரிசையில் இடப்பக்கச் சுவரோரம் உட்கார வைத்தால் நன்றாகப் படிக்கும் என்பது போகவில்லை. அப்பா கடலுக்குப் போனால் பத்து நாள் வரமாட்டார், அந்த நாட்களில் தங்கையைப் பார்த்துக்கொள்ள லீவு போடும் என்பது போகவில்லை. ஏழாம் வாய்ப்பாடு வரை சரளம், எட்டில் நிற்கும் என்பது போகவில்லை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் இதையெல்லாம் முதலிலிருந்து கண்டுபிடிக்க அரையாண்டுத் தேர்வு வந்துவிடுகிறது. சில பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இடைநின்றோர் பட்டியலோடு நாம் தெருத்தெருவாகப் போவது பிறகு.

அஜித்தின் துபாய்ப் பந்தயத்தில் பிள்ளைகள் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சேதமடைந்தது. நீண்ட பந்தயம், அணியின் நலன் ஆகியவற்றைக் கருதி, தன் பெயரைத் தாங்கிய அணியின் காரைத் தான் ஓட்டாமல் விலகிக்கொண்டார். உரிமையாளராக உடனிருந்தார், ஓட்டியது வேறோர் அணியின் காரில், வேறு பிரிவில். மூன்றாமிடம் பெற்றது அவர் இறங்கிக்கொடுத்த கார். இருக்கையில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் ஓட்டுவதைச் சேர்ந்ததுதான்.

அதிகாரிகள் அனுமதித்தால், வரும் ஏப்ரலில் நம் ஒன்றியத்தில் ஒன்றை முயன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். புதிய படிவம் எதுவும் வேண்டாம். படிவம் என்றாலே எனக்கும் உங்களைப் போலத்தான். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளில் ஒரு பிள்ளைக்கு மூன்று வரி எழுதட்டும். எந்த வளைவில் பிரேக் போடுகிறது என்று ஒரு வரி. எது நன்றாக வரும் என்று ஒரு வரி. வீட்டு நிலவரத்தில் அடுத்த ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டியது ஒரு வரி. பிள்ளையின் குணத்துக்குச் சான்றிதழ் எழுத வேண்டாம். 'சேட்டை', 'மந்தம்' போன்ற சொற்கள் அந்தத் தாளில் வரவே கூடாது, அவை அடுத்தவர் கண்ணைக் கெடுத்துவிடும். குடும்பச் செய்தி இருப்பதால் தாள் யார் கையிலும் சிக்காமல் நேராக ஆசிரியரிடம் போக வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு மாலை, ஆறாம் வகுப்பு ஆசிரியர் அந்தத் தாளோடு தொடக்கப்பள்ளிக்கு நடந்து வரட்டும், அல்லது இவர் அங்கே போகட்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

உயர்நிலைப் பள்ளி நண்பர்கள் எட்டிலிருந்து ஒன்பதுக்கு இதையே செய்யலாம். அங்கே பெரும்பாலும் மாடி மாறினால் போதும், தெருகூட மாற வேண்டியதில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு ஏதோ மாற்றுக் கருத்து இருப்பது தெரிகிறது. ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.